மணி ஓசை கேட்காத ஊரில்... பிள்ளைகளின் விசுவாசத்தை வளர்ப்பது எப்படி?

ராத்திரி எட்டே முக்கால் மணி. வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடு ஒன்று. அம்மா ஆபீஸிலிருந்து வந்து அரை மணி நேரம்தான் ஆகிறது. அடுப்பில் குக்கர் இரண்டாவது விசில் விடுகிறது. அப்பா இன்னும் ஓ.எம்.ஆர் டிராஃபிக்கில் நிற்கிறார். மூத்தவள் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு முழிக்கிறாள். சின்னவன் சோபாவில் கால்களை மேலே போட்டுக்கொண்டு போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்து நாசரேத்திலிருந்து பாட்டி வீடியோ காலில் வருகிறார். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டுவிட்டு, வழக்கமான இரண்டாவது கேள்வியைக் கேட்கிறார்: 'ஜெபம் பண்ணியாச்சா?'

வீட்டில் ஒரு நொடி மெளனம். 'இனிமேதான் பாட்டி' என்று மூத்தவள் சமாளிக்கிறாள்.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து படிக்கவும் வேலைக்கும் வந்து சென்னையில் வேர்பிடித்த பல கிறிஸ்தவக் குடும்பங்களில் பாட்டியின் அந்தக் கேள்வி தினமும் ஒலிக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள் இல்லை, தாங்கள்தான் என்று அப்பா அம்மாவுக்குத் தெரியும். ஆனால், நேரம் எங்கே இருக்கிறது?

ஊரே வளர்த்த பிள்ளைகள்

பாட்டி வளர்ந்த ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கத் தேவை இருந்ததில்லை. காலையில் கோயில் மணி அடிக்கும், பொழுது சாய்ந்ததும் மறுபடி அடிக்கும். உபதேசியார் ஜெபத்துக்கு நிற்பார். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கை கால் கழுவிக்கொண்டு ஓடுவார்கள். கத்தோலிக்க ஊர்களில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மணி ஒலிக்கும். வயலில் இருப்பவர்களும் அடுப்படியில் இருப்பவர்களும் நின்று ஒரு மன்றாட்டு சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்திலிருந்தே திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ கிராமங்களில் பள்ளிக்கூடமும் ஜெபவீடும் ஒன்றாகவே வளர்ந்தன. பல ஊர்களில் பகலில் பள்ளிக்கூடமாக இருந்த ஓலைக் கட்டடமே மாலையில் ஜெபவீடு. படிப்பு வேறு, பக்தி வேறு என்று பிள்ளைகளுக்குத் தோன்றவே இல்லை.

அப்படி ஓர் ஊர்தான் வெள்ளாளன்விளை. 1874-ல் அங்கே ஒரு போதகர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஜெபித்துப் பெற்ற பிள்ளை என்பதால், பைபிளில் அன்னாள் தன் மகனுக்கு வைத்த பெயரையே தாய் எல்லன் தன் மகனுக்கும் வைத்தார். அந்தச் சாமுவேல்தான் பின்னாளில் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். 1912-ல் தோர்ணக்கல் பேராயராக, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார். அவரை உருவாக்கியதில் தாய்க்குப் பங்கு உண்டு. அந்தத் தாயின் பின்னால் ஓர் ஊரும் அதன் மணியும் இருந்தன.

வேளச்சேரியின் கதை வேறு. ஏரியும் வயலுமாக இருந்த இடம், ஒரு தலைமுறைக்குள் அடுக்குமாடிகளால் நிரம்பிவிட்டது. 2007-ல் பறக்கும் ரயில் வந்தது. 2013-ல் ஃபீனிக்ஸ் மால் வந்தது. சர்ச்சுகளும் இங்கே நிறைய உண்டு. ஆனால் குடும்பம் போகிற சர்ச் அடையாறிலோ சைதாப்பேட்டையிலோ இருக்கும். மணி அடித்தாலும் விஜயநகர் சிக்னலின் ஹாரன் சத்தத்தில் அது காதில் விழாது. பக்கத்து ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே சில மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஞாயிறு ஆராதனைக்கும் சண்டே ஸ்கூலுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் மீதி 165 மணி நேரம் இருக்கிறது. அந்த 165 மணி நேரத்தை ஊரில் கோயில் மணி கவனித்துக்கொண்டது. இங்கே அதை வீடுதான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

புது இடத்துக்குப் போகிறவர்களுக்குச் சொன்னது

இந்தப் பிரச்னை வேளச்சேரிக்கு மட்டும் புதிதல்ல. பைபிளில் உபாகமம் ஆறாம் அதிகாரத்தில், யோர்தான் நதியைத் தாண்டிப் புது தேசத்துக்குள் போகக் காத்திருக்கும் ஜனங்களிடம் மோசே பேசுகிறார். அவர்கள் போய்க் குடியேறப்போவது தாங்கள் கட்டாத வீடுகளில், தாங்கள் வெட்டாத கிணறுகளின் பக்கத்தில். ஏறக்குறைய ஃப்ளாட் வாங்கிக் குடிபோகிறவர்களின் நிலைமைதான். இ.எம்.ஐ மட்டும் இல்லை!

வசதி வந்ததும் கடவுளை மறந்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கும் மோசே, பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்கிறார். அதற்காகத் தனியாக ஒரு பள்ளிக்கூடமோ திருவிழாவோ நடத்தச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற நேரம், வெளியே போகிற நேரம், தூங்கப்போகிற நேரம், விழித்து எழுகிற நேரம் என நான்கு நேரங்களைச் சுட்டிக்காட்டுகிறார். எவ்வளவு பிஸியான குடும்பத்துக்கும் தினமும் வந்தே தீரும் நேரங்கள் அவை. புதிதாக நேரம் தேட வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் நேரத்தில் ஒரு சின்னப் பழக்கத்தைச் சேர்த்தால் போதும்.

எழுகிற நேரம்: தலையில் ஒரு கை

பள்ளி நாள் காலையில் குடும்ப ஜெபம் என்று உட்கார முயற்சி செய்தால், பெரும்பாலும் அது திட்டில்தான் முடியும். வேன் 7.20-க்கு வந்துவிடும். டிஃபன் பாக்ஸ் மூடவில்லை, ஒரு சாக்ஸைக் காணோம். அந்த நேரத்துக்கு ஏற்ற பழக்கம் ஒரு நிமிடம்கூட எடுக்காதது.

பிள்ளை ஷூ மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கும்போது தலையில் கை வைத்து, பெயர் சொல்லி, ஒரே வரியில் ஜெபம் செய்யுங்கள். 'ஆண்டவரே, இன்னிக்கு ஸ்டெல்லாவுக்கு சயின்ஸ் டெஸ்ட் இருக்கு, பயம் இல்லாம எழுத உதவி செய்யும்.' அவ்வளவுதான். கத்தோலிக்க வீடுகளில் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு அனுப்புவதும் இதே பழக்கம்தான். பொதுவாக ஜெபிப்பதைவிட அன்றைக்கு இருக்கிற டெஸ்ட்டையும் சண்டை போட்ட தோழியையும் பெயர் சொல்லி ஜெபிப்பது பிள்ளையின் மனதில் தங்கும். என் டெஸ்ட் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது, கடவுளுக்கும் தெரியும் என்கிற தைரியத்தோடு அது படி இறங்கும்.

பதினைந்து வயதுப் பையன் இதற்கெல்லாம் கூச்சப்படலாம். வேன் நிற்கும் இடத்தில், நண்பர்கள் முன்னால் செய்யாதீர்கள். கதவுக்கு உள்ளேயே முடித்துவிடுங்கள். அவன் வேண்டாம் என்று சொல்லும் காலத்தில் மனதுக்குள் ஜெபித்து அனுப்பினாலும் போதும். பெற்றோர் நிறுத்தவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தே இருக்கும்.

வெளியே போகிற நேரம்: டூ வீலர் பாடம்

சென்னைப் பெற்றோருக்குப் பிள்ளைகளோடு தடையில்லாமல் பேசக் கிடைக்கும் நேரம் எது? பெரும்பாலும் டியூஷனுக்கோ பாட்டு கிளாஸுக்கோ கூட்டிப்போகும் நேரம்தான். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசத் தயங்கும் பிள்ளைகள்கூட ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தால் மனம் திறப்பார்கள். 'அப்பா, கடவுள் இருக்கார்னா ஏன் அந்தப் பாட்டி ரோட்ல படுத்திருக்காங்க?' என்பது போன்ற கேள்விகள் சிக்னலில்தான் வரும்.

அதற்கு உடனே பெரிய பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை. 'நல்ல கேள்விடா. எனக்கும் அது முழுசாப் புரியல. ஆனா நாம என்ன செய்யலாம்னு யோசிப்போமா?' என்று கேட்டுவிட்டு, திரும்பி வரும்போது அந்தப் பாட்டிக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தால், அது சண்டே ஸ்கூல் பாடத்தைவிட ஆழமாகப் பதியும். ஆம்புலன்ஸ் கடந்து போகும்போது, உள்ளே இருப்பவருக்காக ஒரு வரி ஜெபம் செய்வதும் வழியில் பழக்கக்கூடியதுதான். நூறடி ரோட்டில் அதற்கான வாய்ப்பு வாரத்தில் பல தடவை கிடைக்கும்.

வேளச்சேரிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கிறிஸ்தவ வரலாறு அவர்கள் வீட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. இயேசுவின் சீடர் தோமா வாழ்ந்த குகை என்று மரபு சொல்லும் சின்னமலை, சைதாப்பேட்டைக்கு அருகே. அவர் உயிர் நீத்ததாக நம்பப்படும் பரங்கிமலை, கிண்டியைத் தாண்டினால் வந்துவிடும். சுமார் 300 அடி உயரமுள்ள அந்த மலையின் உச்சியில் 1523-ல் போர்த்துகீசியர் கட்டிய ஆலயம் இருக்கிறது. படியேறிப் போனால், இறங்கும் விமானங்களையும் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அது போதும்!

ஏறும்போது தோமாவின் கதையைச் சொல்லலாம். தன் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்த சீடர் அவர். அதற்காக இயேசு அவரை விரட்டவில்லை, காயங்களைக் காட்டினார். சந்தேகம் கேட்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை.

வீட்டில் இருக்கிற நேரம்: பத்து நிமிடம் போதும்

குடும்ப ஜெபம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது முட்டி வலிக்க வலிக்க நீண்ட ஜெபங்கள்தான். தாத்தா முதல் சித்தப்பா வரை ஒவ்வொருவராக ஜெபித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் தூங்கிவிழுந்த அனுபவம் பலருக்கு உண்டு. 'அந்த மாதிரி நம்ம பிள்ளைகளைப் படுத்தக் கூடாது' என்று நினைத்து, ஜெபத்தையே விட்டுவிட்டவர்களும் உண்டு.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவப்போடுவதற்கு முன்னால், அதே மேஜையில், அதே பாயில் பத்து நிமிடம். ஒரு பாட்டு, பைபிளில் ஒரு சின்னப் பகுதி, பிறகு ஒவ்வொருவரும் அன்றைக்கு நன்றி சொல்ல ஒரு விஷயம், முடிவில் ஒரு ஜெபம். வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளே நடத்தட்டும். எந்தப் பாட்டு என்று அவர்களே முடிவு செய்யட்டும். ஆறு வயதுக்காரன் சுறாமீனுக்காகவும் கிரிக்கெட் மேட்சுக்காகவும் ஜெபித்தால் சிரிக்காமல் ஆமென் சொல்லுங்கள்.

பாட்டுக்கு இங்கே தனி இடம் உண்டு. தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் சிறுவனாக இருக்கும்போதே படிக்கச் சேர்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774 - 1864). அவர் எழுதிய கீர்த்தனைகளை இன்றும் தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் பாடுகிறார்கள். வேத வசனங்கள் மறந்துபோனவர்களுக்கும் சிறுவயதில் பாடிய கீர்த்தனை மறப்பதில்லை. ஆங்கில மீடியத்தில் படித்துத் தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு, வீட்டில் தினம் ஒரு தமிழ்ப் பாட்டு என்பது பக்தியோடு மொழியையும் சேர்த்துக் கொடுக்கும்.

அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் என்றால்? வீடியோ காலில் இரண்டு நிமிடம் சேர்ந்துகொள்ளலாம். அதுவும் முடியாதபோது அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் செய்யலாம். பவுலின் சீடன் தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர். அவனுக்குள் விசுவாசம் வளர்ந்தது பாட்டி லோவிசாளாலும் அம்மா ஐனிக்கேயாளாலும் என்று பைபிளே பதிவு செய்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்தால்தான் என்று காத்திருந்த வீடுகளில் ஜெபம் தொடங்காமலே போய்விடுவதுண்டு.

நிறையப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கவனம் எப்படித் தருவது? இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில், 300 வருஷத்துக்கு முன் ஒரு போதகரின் மனைவி இதற்கு வழி கண்டுபிடித்தார். அவர் பெயர் சூசன்னா வெஸ்லி. 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் 10 பேரை வளர்த்து ஆளாக்கியவர். கடன், நோய், வீடு தீப்பிடித்து எரிந்தது என எல்லா கஷ்டமும் பார்த்தவர். அந்த நிலையிலும் வாரத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லஸுக்கு.

அந்த ஜான் வெஸ்லிதான் பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தை உருவாக்கியவர். சார்லஸ் ஆயிரக்கணக்கான பாடல்களை எழுதியவர். வளர்ந்து வீட்டைவிட்டுப் போன பிறகும் அந்த வியாழக்கிழமை மாலைகளை ஜான் மறக்கவில்லை. அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். பத்துப் பிள்ளைகளுக்கு நேரம் கண்டுபிடித்தவர் கதையைக் கேட்டால், இரண்டு பிள்ளைகள் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

தூங்கப்போகிற நேரம்: மன்னிப்புக்கு ஏற்ற நேரம்

லைட்டை அணைத்த பிறகு பிள்ளைகள் பேசும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். பகலில் 'ஸ்கூல் எப்படி இருந்துச்சு?' என்றால், 'ம்... நல்லாதான்' என்று முடித்துவிடும் பிள்ளை, இருட்டில் எல்லாவற்றையும் கொட்டும். அப்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இன்னிக்கு எது சந்தோஷம்? எது கஷ்டம்? யார்கிட்டயாவது சாரி சொல்லணுமா?

மூன்றாவது கேள்விக்குப் பெற்றோரும் பதில் சொல்ல வேண்டும். 'சாயங்காலம் நோட்டைத் தூக்கி எறிஞ்சு கத்தினேன் இல்ல, அது தப்பு. என்னை மன்னிச்சிடு' என்று அப்பா பிள்ளையிடம் சொல்வது அந்த நாளின் மிகப்பெரிய பிரசங்கம். மன்னிப்பைப் பற்றிச் சர்ச்சில் எத்தனை தடவை கேட்டாலும், வீட்டில் பெரியவர் ஒருவர் மன்னிப்பு கேட்பதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைக்கு அது புரியும்.

இங்கே வெஸ்லி குடும்பத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே வீட்டில், அதே ஒழுங்கில் வளர்ந்தவர் ஹெட்டி. கவிதை எழுதுகிற, அறிவான மகள். இளம் வயதில் ஒருவரை நம்பி ஏமாந்து, கர்ப்பிணியாக வீடு திரும்பினார். அப்பா அவருக்கு அவசரமாக, பொருந்தாத ஒரு திருமணத்தைச் செய்துவைத்தார். அதன் பிறகும் மகளை ஏற்றுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அக்காவுக்குக் கருணை காட்ட வேண்டும் என்று ஜான் பிரசங்கமே செய்ததில், அப்பாவுக்கும் மகனுக்கும் மனத்தாங்கல் வந்தது. ஜெபமும் ஒழுங்கும் நிறைந்த வீட்டிலேயே மன்னிப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹெட்டியின் வாழ்க்கை சாட்சி.

ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியலாளர், 1970-ல் தொடங்கி 35 வருஷம், நான்கு தலைமுறைகளைச் சேர்ந்த 3,500-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார். மத நம்பிக்கை எப்படிப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது என்பது அவருடைய கேள்வி. பெற்றோர் தங்கள் நம்பிக்கையை வாழ்ந்து காட்டினால் மட்டும் போதாது. பிள்ளைகளோடு நெருக்கமான, அன்பான உறவும் வேண்டும் என்பது அவர் கண்டது. குறிப்பாக, அப்பாவோடு உள்ள நெருக்கம். அப்பா எவ்வளவு பக்திமானாக இருந்தாலும், பிள்ளைக்கு அவர் தூரமாகவும் கடுமையாகவும் தெரிந்தால் நம்பிக்கை கைமாறுவது கஷ்டமாகிறது. தாத்தா பாட்டியின் பங்கு பெரியது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. நாசரேத்துப் பாட்டிக்குச் சந்தோஷமான செய்தி!

பிடி அரிசியும் கேக் தட்டும்

ஜெபமும் பாட்டும் மட்டும் இருந்தால் விசுவாசம் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடும். கையால் செய்யும் பழக்கமும் வேண்டும்.

மிசோரம் மாநிலத்தில் 1910-ல் பிரஸ்பிட்டேரியன் திருச்சபைப் பெண்கள் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளை சோறு பொங்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பார்கள். சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பார்கள். அந்த அரிசியை விற்று வந்த பணத்தில் ஊழியர்கள் அனுப்பப்பட்டார்கள், ஏழைகளுக்கு உதவி போனது. நூறு வருஷம் கடந்தும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. நம் தென்மாவட்டச் சபைகளிலும் பிடி அரிசிக் காணிக்கை பழைய வழக்கம்தான். ஒரு பிடி அரிசியால் எந்த வீடும் ஏழையாவதில்லை. ஆனால் உலையில் போடும்முன் அம்மா ஒரு பிடியை எடுத்துவைப்பதைத் தினமும் பார்க்கும் பிள்ளை, நம் சோற்றில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமலே கற்றுக்கொள்ளும்.

ஃப்ளாட்டில் அரிசிக்குப் பதில் ஒரு டப்பா வைக்கலாம். பால் பாக்கெட் வாங்கி மீதி வந்த சில்லறை, பிள்ளையின் பாக்கெட் மணியில் ஒரு பங்கு, லெந்து நாட்களின் 40 நாளும் வேண்டாம் என்று வைத்த சாக்லேட்டின் காசு எல்லாம் அதில் விழட்டும். யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும்.

வேளச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு பாடம் தண்ணீரில் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கியபோது, மேல்மாடிக்காரர்கள் கீழ்வீட்டுக்காரர்களை அழைத்துக்கொண்டார்கள். சென்னை முழுக்கக் கோயில்கள், மசூதிகள், சர்ச்சுகள் கதவைத் திறந்து, யார் எவர் என்று கேட்காமல் சோறு போட்டன. அப்போது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். அந்த நாட்களில் கேட்ட ஜெபம் மறந்திருக்கலாம். பொட்டலம் கட்டிய அம்மாவின் கை மறந்திருக்காது.

அந்தப் பழக்கத்துக்கு வெள்ளம் வரக் காத்திருக்க வேண்டாம். எதிர்வீட்டிலிருந்து பொங்கல் வருகிறது, மேல்வீட்டிலிருந்து ரம்ஜான் பிரியாணி வருகிறது. கிறிஸ்துமஸுக்கு கேக்கும் முறுக்கும் நிறைந்த தட்டைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். தன் விசுவாசத்தில் உறுதியாக இருப்பதும் பக்கத்து வீட்டு நம்பிக்கையை மதிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதைப் பிள்ளை அந்தத் தட்டைச் சுமந்துகொண்டு போகும்போது கற்றுக்கொள்ளும்.

செய்யக் கூடாதவை

ஒன்று, கடவுளை போலீஸ் ஆக்காதீர்கள். 'பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்' என்பதன் கிறிஸ்தவ வடிவம், 'இயேசப்பா எல்லாத்தையும் பார்த்துட்டே இருக்கார், ஜாக்கிரதை!' என்பது. பார்க்கிறார் என்பது பிள்ளைக்கு ஆறுதலாக இருக்க வேண்டிய விஷயம். அதைச் சி.சி.டி.வி ஆக்கிவிட்டால், பயம் தெளியும் வயதில் பக்தியும் போய்விடும்.

இரண்டு, பைபிளைத் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள். தப்பு செய்ததற்கு நூறு தடவை வசனம் எழுதவைத்தால், வசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைவலிதான் ஞாபகம் வரும்.

மூன்று, ஒப்பிடாதீர்கள். 'பாஸ்டர் பொண்ணைப் பார், முப்பது சங்கீதம் மனப்பாடமா சொல்றா' என்கிற பேச்சு, அந்தப் பெண் மீதும் சங்கீதத்தின் மீதும் ஒரே நேரத்தில் வெறுப்பை உண்டாக்கும்.

நான்கு, போனைப் பிள்ளைகளிடமிருந்து மட்டும் வாங்கிவைக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடம் அப்பா, அம்மா போனும் ஃப்ரிட்ஜ் மேலே போகட்டும். போனில்தான் பைபிள் வாசிக்கிறோம் என்பவர்கள், அந்த நேரத்துக்கு மட்டும் அலமாரியில் தூங்கும் அச்சுப் புத்தகத்தை எடுக்கலாம். பாட்டி திருமணத்துக்குக் கொடுத்த பைபிளாக இருந்தால் இன்னும் நல்லது.

விட்டுப்போனால் என்ன?

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் இரண்டாவது வாரமே நின்றுவிடும். நான்கு நேரங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஊறிய பிறகு அடுத்தது.

ஊற எவ்வளவு நாளாகும்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்ற உளவியலாளரின் குழு, 96 பேரை வைத்து இதை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டது. ஒரு சின்னச் செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று தெரிந்தது. பெற்றோர் நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்றும் அந்த ஆய்வில் உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது கெட்டுப்போகவில்லை. ஆகவே காய்ச்சல் வந்த நாளும், ஊருக்குப் போன நாளும், சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் தூங்கிய நாளும் தோல்வி இல்லை. மறுநாள் உட்கார்ந்தால் சரி.

இவ்வளவு செய்தும் பிள்ளை வளர்ந்து வேறு முடிவு எடுக்கலாம். எந்தப் பழக்கமும் அதற்கு எதிரான இன்ஷூரன்ஸ் கிடையாது. இருபது வயதில் சர்ச்சுக்கு வர மாட்டேன் என்று சொல்லும் மகனோடு அதே மேஜையில் சாப்பிடுவதும், அவனுக்காக ஜெபிப்பதும், அவனோடு பேச்சை நிறுத்தாமல் இருப்பதும்கூட குடும்ப ஜெபத்தின் தொடர்ச்சிதான். தூர தேசம் போன இளைய குமாரனுக்குத் திரும்பி வரும் வழி தெரிந்திருந்ததற்குக் காரணம், அவன் அப்பாவின் வீடு எப்படிப்பட்டது என்பது அவனுக்கு ஞாபகம் இருந்ததுதான்.

வேளச்சேரியின் அந்த மூன்றாவது மாடி வீட்டில் இன்னொரு நாள் ராத்திரி. அப்பா அன்றும் தாமதம். சாம்பார் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. கணக்கு ஹோம்வொர்க் பாதியில் நிற்கிறது. பாட்டியின் வீடியோ கால் வரும்போது சின்னவன்தான் எடுக்கிறான்.

'பாட்டி, ஒரு நிமிஷம் இருங்க. பாட்டு பாடிட்டு இருக்கோம். நீங்களும் பாடுங்க.'

போனைத் தண்ணீர் ஜக்கின் மேல் சாய்த்து வைக்கிறான். நாசரேத்தில் ஒரு குரல் சேர்ந்துகொள்கிறது. கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் சுருதி விலகி. யாரும் அதைத் திருத்தவில்லை.